ஒரே சிறகின்கீழ்

அச்சம் மனிதனோடு உடன்பிறந்தது. பிறந்த குழந்தைக்குப் பசியைச் சொல்லித் தர வேண்டுவதில்லை. விழுந்துவிடுவோம் என்னும் அச்சத்தையும் சொல்லித் தர வேண்டுவதில்லை. தாயின் கை சற்றே தளர்ந்தாலும் அது தன் சிறு கைகளை விரித்துப் பற்றுக்கோடு தேடுகின்றது. அவ்வாறு விழுதலை அஞ்சிப் பிறந்த மனிதன், வளர்ந்தபின் பணம் கொடுத்து ஒரு மலைச்சரிவிலிருந்து வெட்டவெளிக்குள் ஓடுகின்றான் என்றால், அச்செயலை என்னவென்று சொல்வது? வீரம் என்பதா? பேதைமை என்பதா? அல்லது இவ்விரண்டு சொற்களிலும் அடங்காத வேறொன்று அதில் உண்டா? வேடிக்கையாகத் தோன்றும் இவ்வினா, ஆராயப் புகுந்தால் மனித வாழ்வின் அடிப்படையையே தொட்டு நிற்பதைக் காணலாம்.

பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனிரோ, மலையும் காடும் கடலும் ஒன்றையொன்று நெருங்கி நிற்கும் மாநகரம். அந்நகரில் திஜுக்கா தேசியப் பூங்காவின் எல்லைக்குள் பெட்ரா போனித்தா என்னும் பாறைக்குன்று ஒன்று உண்டு. 'அழகிய கல்' என்பது அப்பெயரின் பொருள். அக்குன்றின் சரிவில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில், மரப்பலகைகளால் ஆன சாய்வுமேடை அமைந்துள்ளது. அம்மேடைக்கு அப்பால் தரை இல்லை, காற்றுத்தான் உண்டு. நெடுந்தொலைவு கீழே சாவோ கொன்ராடோ கடற்கரை வெண்மணல் கோடாகத் தெரிகின்றது. காற்று இசைந்த நாள்களில், உலகின் பல மூலைகளிலிருந்தும் வரும் பயணிகள் இம்மேடையில் வரிசையாக நிற்கின்றனர். ஹேங் கிளைடர் எனப்படும் தொங்கு சிறகில், அதனைச் செலுத்தும் வலவர் ஒருவரோடு சேர்ந்து பறந்து, கீழே உள்ள மணலில் இறங்குவதே அவர்கள் நோக்கம்.

இத்தகைய பயணி ஒருவரை மனக்கண்முன் நிறுத்திப் பார்ப்போம். அவர் பறக்கக் கற்றவர் அல்லர். வலவரை அதற்குமுன் கண்டதும் இல்லை. அவருடைய தாய்மொழியாகிய போர்த்துக்கீசியமும் அறியார். தலைக்கவசமும் தோள்முதல் தொடைவரை இறுக்கிப் பிடிக்கும் வார்க்கச்சையும் அவருக்கு அணிவிக்கப்படுகின்றன. கச்சையின் வார் சிறகின் நடுத்தண்டோடு கொக்கியால் பிணைக்கப்படுகின்றது. மேடையில் ஓடுமுன், பயணியும் வலவரும் அச்சிறகில் படுத்துத் தொங்கிப் பார்க்கின்றனர். பிணைப்பு உறுதியாக உள்ளதா என்பதைக் கண்ணும் கையும் கொண்டு சோதிக்கும் முறை அது. பின்னர் வலவர் சொல்லும் அறிவுரை மிகச் சுருக்கமானது: 'நான் ஓடும்போது நீங்களும் ஓடுங்கள். நிற்காதீர்கள். கைப்பிடிச் சட்டத்தைத் தொடாதீர்கள்.' அவ்வளவே. பத்துத் தப்படிக்குள் பலகை முடிந்துவிடுகின்றது. கால்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆனால் அவற்றின்கீழ் எதுவும் இல்லை.

இச்சிறகு ஒருநாளில் பிறந்தது அன்று. ஜெர்மானியராகிய ஓட்டோ லிலியந்தால் 1891 முதல் தாமே சமைத்த சிறகுகளைப் பூட்டிக்கொண்டு குன்றுகளிலிருந்து ஏறத்தாழ 2,000 முறை பறந்து பார்த்தார். ஒவ்வொரு பறப்பும் அவருக்கு ஓர் ஆராய்ச்சி. 1896 ஆகஸ்ட் 9ஆம் நாள் அவருடைய சிறகு காற்றில் நிலைகுலைந்து வீழ்ந்தது. மறுநாள் தம் 48ஆம் வயதில் அவர் உயிர் நீத்தார். அவர் விட்டுச்சென்ற அறிவைப் பயின்று தொடர்ந்தவர்களுள் ரைட் உடன்பிறப்பினர் தலையாயவர். பிற்காலத்தில், 1948இல், அமெரிக்கப் பொறியாளர் பிரான்சிஸ் ரொகாலோவும் அவர்தம் மனைவி கெர்ட்ரூடும் துணியால் ஆன வளைந்துகொடுக்கும் சிறகு ஒன்றை உருவாக்கினர். 1963இல் ஆஸ்திரேலியாவின் கிராஃப்டன் நகரில் ஜான் டிக்கன்சன் என்பவர் அவ்வகைச் சிறகின்கீழ்ச் சட்டம் பொருத்தி, மனிதன் அதில் தொங்கியவாறு தன் உடலின் எடையை நகர்த்தியே அதனை இயக்கும் வகை செய்தார். இன்று பெட்ரா போனித்தாவில் பயணியைத் தாங்கும் அலுமினியக் குழாய்களுக்கும் துணிக்கும் பின்னால் இத்தனை பேருடைய உழைப்பும் ஓர் உயிர்ப்பலியும் நிற்கின்றன. பயணி தனித்து ஓடுவதாக எண்ணலாம். உண்மையில் அவர் பலர் இட்ட பாதையில்தான் ஓடுகின்றார்.

இனி, முதல் வினாவுக்கு வருவோம். அப்பயணியின் செயல் வீரமா?

வீரம் என்பது அஞ்சாமை மட்டும் அன்று. அஞ்சத்தக்க ஒன்றை உயர்ந்த நோக்கம் ஒன்றிற்காக ஏற்பது. வெள்ளத்தில் சிக்கிய குழந்தையை மீட்கப் பாய்பவனும், உண்மையைச் சொல்லித் தன் வேலையை இழப்பவனும் வீரர். லிலியந்தால் அறிவின்பொருட்டு உயிரைப் பணயம் வைத்தார். அவரும் அவ்வரிசையில் இடம்பெறத் தக்கவரே. ஆனால் விடுமுறைக்கு வந்த பயணி எந்தக் குழந்தையையும் மீட்கவில்லை. எந்த உண்மையையும் கண்டறியவில்லை. அவர் பெறுவது சில நிமிட இன்பமும் ஒரு நிழற்படமுமே. ஆதலால், அதனை வீரம் என்று போற்றுவது அச்சொல்லின் மதிப்பைக் குறைப்பதாகும். சந்தையில் விலைக்குக் கிடைக்கும் பொருள்களுள் ஒன்றாக வீரம் என்றும் இருந்ததில்லை.

அங்ஙனமாயின் அது பேதைமையா? 'பெற்றோரும் மனைவி மக்களும் ஒருவனை நம்பி வாழ்கின்றனர். அவன் உயிர் அவனுக்கு மட்டும் உரியது அன்று. வெறும் களிப்பிற்காக அதனை இடருக்கு உட்படுத்த அவனுக்கு என்ன உரிமை?' என்று கேட்பார் உளர். இவ்வினா எளிதாக ஒதுக்கத்தக்கது அன்று. உயிர் ஒரு தனியுடைமை என்று கருதுவோர் தம்மைச் சுற்றியுள்ள உறவுகளை மறந்தவரே ஆவர். எனினும், இவ்வாதத்தை முற்ற முடிய ஏற்போமானால் மனிதன் வீட்டின் வாசலைக் கடக்கவும் இயலாது. கடற்பயணம் செய்யாதிருந்தால் கண்டங்கள் கண்டங்களை அறிந்திரா. மலையேறாதிருந்தால் மனிதன் தன் வலிமையின் எல்லையை உணர்ந்திரான். இன்பமும் வாழ்வின் ஒரு பயனே. வாழ்நாளை நீட்டிப்பது ஒன்றே வாழ்வின் நோக்கமாகிவிடாது. எனவே, இடரை ஏற்கலாமா என்று கேட்பதைவிட, ஏற்குமுன் செய்ய வேண்டிய கடமையைச் செய்தாயா என்று கேட்பதே பொருத்தம். அஞ்ச வேண்டியதை அஞ்சுதலும் அறிவுடையார் இயல்பு என்பது தமிழர் நெடுங்காலமாக அறிந்த உண்மை அன்றோ?

அக்கடமை யாது? இங்கேதான் இப்பறப்பின் உண்மையான அறப்பொருள் வெளிப்படுகின்றது. அப்பயணி செய்வது, ஆழ்ந்து நோக்கினால், வீரச்செயலும் அன்று. பேதைமைச் செயலும் அன்று. அது நம்பிக்கைச் செயல். தம் உயிரை முன்பின் அறியாத ஒருவர் கையில் அவர் ஒப்படைக்கின்றார். ஒப்படைத்தல் என்பது வாழ்வின் மிக அரிய செயல்களுள் ஒன்று.

வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். ஆராயாமல் நம்புவதும், ஆராய்ந்து நம்பியபின் சந்தேகிப்பதும் ஆகிய இரண்டையும் ஒரே தட்டில் வைத்து அவர் கடிந்துரைப்பது ஆழ்ந்து எண்ணத்தக்கது. அரசன் அமைச்சரைத் தேரும் முறைபற்றி எழுந்த அக்கருத்து, ரியோ நகரத்து மரமேடைக்கும் முற்றும் பொருந்துகின்றது. மேடை ஏறுமுன் ஐயுறுவது பயணியின் உரிமை. உரிமை மட்டுமன்று, கடமையும் ஆகும். வலவர் முறையான தகுதி பெற்றவரா, கச்சையும் கொக்கியும் சரியாக உள்ளனவா, தொங்கிப் பார்க்கும் சோதனை நடந்ததா, காற்று எவ்வாறு வீசுகின்றது என்றெல்லாம் அவர் கேட்கலாம், கேட்க வேண்டும். விடை நிறைவு தரவில்லையெனில், முதல் அடி எடுத்து வைக்கும்வரை மறுத்துத் திரும்பவும் அவருக்கு உரிமை உண்டு. வரிசையில் நின்ற பின்னர்த் திரும்பி நடப்பவரைப் பார்த்துச் சிலர் நகைக்கலாம். ஆனால் பிறர் நகைப்புக்கு அஞ்சி ஓடுபவரைவிட, அந்நகைப்பைத் தாங்கித் திரும்புபவர் உள்ளத்தில் உறுதி மிகுதி எனலாம்.

ஆனால் ஓடத் தொடங்கிய பின்னர் நிலைமை மாறிவிடுகின்றது. சிறகு காற்றில் மிதப்பதற்கு விரைவு வேண்டும். இருவரும் ஒருசேர ஓடினால்தான் அவ்விரைவு கிடைக்கும். பாதி வழியில் பயணியின் மனம் தடுமாறிக் கால்கள் நின்றுவிட்டால், சிறகு ஏந்தப்படாமல் மேடையின் விளிம்பிலிருந்து சரியும். அப்போது வீழ்பவர் அவர் ஒருவர் மட்டும் அல்லர். அவரை நம்பி ஓடிய வலவரும் உடன் வீழ்வார். ஆம், நம்பிக்கை இருவழிப்பட்டது. பயணி வலவரை நம்புவதுபோலவே, இவர் கடைசி அடிவரை ஓடுவார் என்று வலவரும் பயணியை நம்புகின்றார். முழு ஐயம் கொண்டவன் மேடையில் நிற்கமாட்டான். அவனுக்குத் தீங்கு இல்லை. முழு நம்பிக்கை கொண்டவன் ஓடிப் பறந்துவிடுவான். அரைநம்பிக்கை கொண்டவனே தன்னையும் பிறரையும் கெடுப்பவன். மேடைக்கு முன் ஐயம் அறிவு. மேடைமேல் ஐயம் கேடு. இவ்வெல்லையை அறிந்து நிற்பதே தெளிவு.

இங்கு ஒரு தடை எழலாம். 'நம்பியபின் ஐயுறாதே என்னும் அறிவுரையைத்தானே கொடுங்கோலரும் போலித் துறவிகளும் வஞ்சக வணிகரும் காலங்காலமாகச் சொல்லி மக்களை ஏமாற்றி வந்துள்ளனர்? கண்ணை மூடிக்கொண்டு ஓடு என்பவன் எல்லாரையும் நம்பலாமா?' என்பது அத்தடை. இது வலுவுடைய தடையே. இதற்குரிய விடையும் அச்சிறகின்கீழேயே தொங்குகின்றது. வலவர் பயணியை ஓடச் சொல்லிவிட்டுத் தாம் மேடையில் நின்றுவிடுவதில்லை. அதே தண்டில், அதே துணியின்கீழ், அவர் உயிரும் தொங்குகின்றது. பயணி வீழ்ந்தால் அவரும் வீழ்வார். பிறரைப் பாயச் சொல்லிவிட்டுத் தான் பாதுகாப்பாக நிற்பவனுக்கு அத்தகைய நம்பிக்கையைக் கேட்க உரிமை இல்லை. போருக்கு இளைஞரை அனுப்பித் தன் மக்களை வீட்டில் வைத்திருக்கும் தலைவனையும், ஏழைகளின் சேமிப்பைக் கேட்டுப் பெற்றுத் தன் செல்வத்தை வேறிடத்தில் மறைப்பவனையும் இவ்வளவுகோலால் அளந்து பார்க்கலாம். இடரில் பங்கு கொள்பவனே நம்பிக்கையில் பங்கு கேட்கத் தக்கவன்.

உடன் தொங்குவது மட்டும் போதுமா? போதாது. 2018ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி இதனை உணர்த்தும். முதன்முறையாகப் பறக்க வந்த பயணி ஒருவரின் கச்சையைச் சிறகோடு பிணைக்க வலவர் மறந்துவிட்டார். இருவரும் ஓடி எழுந்தனர். எழுந்த அக்கணமே பயணி எவ்விதப் பிணைப்பும் இன்றிக் கைவலிமை ஒன்றாலேயே தொங்க நேர்ந்தது. வலவர் ஒரு கையால் சிறகைச் செலுத்தி, மறுகையால் பயணியைப் பற்றிக்கொண்டு, இறங்கும் இடம் நோக்கி விரைந்தார். இரண்டு நிமிடங்களுக்கு மேல் அந்நிலை நீடித்தது. தரையை நெருங்கியபோது பயணி கைவிட்டு விழுந்தார், மணிக்கட்டு முறிந்தது, கைத்தசை கிழிந்தது, உயிர் தப்பியது.

அந்த இரண்டு நிமிடங்களில் ஒரே கையின் இரு முகங்களைக் காண்கிறோம். மறந்த கையும் அதுவே. பற்றிய கையும் அதுவே. அவ்வலவர் தீயவர் அல்லர். தம் உயிரையும் பொருட்படுத்தாமல் பயணியைப் பிடித்திருந்தவர். ஆயினும் நல்லுள்ளம் கொக்கியை மாட்டிவிடாது. பிறர் உயிரை ஏற்போனிடம் அறம் எதிர்பார்ப்பது முதலில் அன்பை அன்று, கவனத்தை. நூறாவது முறையும் முதல்முறைபோலவே சோதிக்கும் பொறுமையே அத்தொழிலின் ஒழுக்கம். பழக்கம் திறமையைத் தருகின்றது. அப்பழக்கமே கவனத்தைத் தின்றும்விடுகின்றது. ஆகவேதான் பயணியின் கேள்வி வலவருக்கு அவமதிப்பு ஆகாது. 'என் கொக்கி மாட்டப்பட்டுள்ளதா?' என்னும் எளிய கேள்வி இருவரையும் காக்க வல்லது. கேள்வியைக் கண்டு சினக்கும் வலவரோடு பறக்காமல் இருப்பதே நலம்.

திறமையின் உச்சியை எட்டியவர்க்கும் காற்று சலுகை காட்டுவதில்லை. ரியோ நகரத்தின் புகழ்பெற்ற வீரரான பெப்பே லோப்பஸ் 1981இல் ஜப்பானில் நடந்த தொங்கு சிறகுப் போட்டியில் உலகப் பட்டம் வென்றார். பத்தாண்டுகள் கழித்து, 1991இல், அதே ஜப்பானில் பறக்கையில் உயிர் துறந்தார். ரியோவின் கடற்கரைப் பகுதி ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. பட்டங்கள் மனிதர் தருவன. அவற்றைக் காற்று படிப்பதில்லை. எனவே, காற்று தகாத திசையிலிருந்து வீசும் நாளில், முகில் மேடையை மூடிய நாளில், வலவர் பறக்க மறுப்பதே அவருடைய திறமையின் சிறந்த சான்று. வரிசையில் பயணிகள் காத்திருப்பர்; அன்றைய வருவாய் போய்விடும்; நெடுந்தொலைவு கடந்து வந்தோம் என்று சிலர் சினப்பர். அந்நிலையில் 'இன்று இல்லை' என்று சொல்ல வல்லாரிடத்தில்தான், முன்னர்ப் பயணியிடம் தேடிக் காணாத வீரம் தங்கியுள்ளது. அம்மறுப்பில் பிறர் உயிர் காக்கும் நோக்கம் உண்டு. தன் இழப்பை ஏற்கும் உறுதியும் உண்டு.

மேலே சென்ற பயணி எதைக் காண்கின்றார்? ஒருபுறம் பெட்ரா த காவியா என்னும் பெரும்பாறை கடலருகே ஓங்கி நிற்கின்றது. கீழே பச்சைக் காடு. மனிதக்கை படாத பழங்காடு என்று அவர் எண்ணக்கூடும். ஆனால் திஜுக்கா மலைகளின் காடு காப்பித் தோட்டங்களுக்காக அழிக்கப்பட்டு, நகரின் நீரூற்றுகள் வற்றத் தொடங்கியபின், 1861 முதல் அரசாணையால் மீண்டும் நடப்பட்டது. மேஜர் ஆர்ச்சர் என்பவர் அப்பணியைத் தலைமையேற்று நடத்தினார். மரக்கன்றுகளை மண்ணில் ஊன்றிய முதற்கைகள் அடிமைப்படுத்தப்பட்ட மக்களின் கைகள். காட்டைக் கடந்து கடற்கரையை நெருங்கும்போது, நீச்சற்குளங்களோடு கூடிய உயர்மாடிக் கட்டடங்களும், அவற்றிற்கு அண்மையிலேயே மலைச்சரிவில் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கிய ரொசின்யா குடியிருப்பும் ஒரே பார்வையில் விழுகின்றன. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ரொசின்யாவில் வாழ்வோர் 70,000க்கும் மேற்பட்டோர்.

உயரே சென்றால் உள்ளம் விரியும் என்பர். அது முழு உண்மை அன்று. உயரம் வேலிகளை மறைக்கின்றது. அதே உயரம் முகங்களையும் மறைக்கின்றது. மேலிருந்து நோக்குங்கால் செல்வமும் வறுமையும் ஒரே ஓவியத்தின் இரு வண்ணங்களாக அழகு காட்டுகின்றன. அவ்வழகில் மயங்கி, 'எல்லாம் ஒன்றே' என்று சொல்லி இறங்குபவர் எதையும் கண்டவர் ஆகார். குளமுள்ள வீட்டிற்கும் குடிநீர் சுமக்கும் வீட்டிற்கும் இடையிலுள்ள தொலைவு வானத்திலிருந்து ஒரு விரற்கடை. தரையில் அது ஒரு தலைமுறை. மேலே பெற்ற காட்சியைத் தரையில் நடந்து சரிபார்ப்பவருக்கே அப்பறப்பு அறிவாகின்றது. மற்றவர்க்கு அது வெறும் காட்சியாகவே கழிந்துவிடும்.

பத்து நிமிட அளவில் எல்லாம் முடிந்துவிடுகின்றது. வலவர் தக்க நேரத்தில் சட்டத்தை முன்தள்ளுகின்றார், சிறகின் மூக்கு நிமிர்கின்றது, விரைவு குறைகின்றது, கால்கள் மணலைத் தொடுகின்றன. கொக்கி கழற்றப்படுகின்றது. சற்றுமுன்வரை ஓருயிராய்த் தொங்கிய இருவரும் கைகுலுக்கிப் பிரிகின்றனர். பெரும்பாலும் மீண்டும் சந்திக்கப்போவதில்லை. கொடுத்த பணம் சிறகின் வாடகைக்கும் வலவரின் நேரத்திற்கும் விலையாகலாம். அவர் காட்டிய கவனத்திற்கு விலை எதுவும் இல்லை. அக்கடனை அவரிடமே திருப்பித் தர இயலாது. தம்மை நம்பும் வேறொருவரிடத்தில்தான் பயணி அதனைச் செலுத்த முடியும்.

அத்தகைய வாய்ப்பு மலைமேடையில் மட்டும் வருவது அன்று. பேருந்தில் ஏறுவோர் ஓட்டுநர் கையில் உயிரை வைத்துவிட்டு உறங்குகின்றனர். நோயாளி மயக்க மருந்தை ஏற்று மருத்துவர்முன் கண் மூடுகின்றார். ஒவ்வொரு நாளும் காலையில் பெற்றோர் தம் குழந்தையின் கையை விடுவித்து வகுப்பறைக்குள் அனுப்புகின்றனர். அக்குழந்தைக்கு ஆசிரியரின் தகுதிச்சான்று தெரியாது. பாடநூலின் மொழியும் இன்னும் முழுமையாகத் தெரியாது. 'என்னோடு ஓடு, பாதியில் நிற்காதே' என்று ஆசிரியர் சொல்லும்போது அது நம்பி ஓடுகின்றது. அப்போது கொக்கியைச் சோதித்தோமா, குழந்தை கேட்கும் கேள்விக்கு முகம் சுளிக்காமல் விடை தந்தோமா, தாமும் அதே சிறகின்கீழ்த் தொங்குகின்றோமா என்பதை ஆசிரியர் தம் நெஞ்சத்தைக் கேட்டுத் தெளிதல் வேண்டும். மாணவர் வீழ்ந்தபின்னும் ஆசிரியர் மேடையில் நின்றுகொண்டிருப்பாராயின், அவர் கற்பித்தவர் ஆகார், தள்ளிவிட்டவரே ஆவார்.

மனிதன் பறவையாகப் பிறக்கவில்லை. அவனுக்குச் சிறகு இயற்கை தந்தது அன்று. பிறர் தைத்துத் தந்தது. அதனைக் கட்டும் வாரும் பிறர் கையால் மாட்டப்படுவது. அந்தக் கட்டு இருப்பதனால்தான் அவனால் விண்ணில் விடுதலையாக மிதக்க முடிகின்றது. கட்டே இல்லாத விடுதலையை விரும்புவோர், பெட்ரா போனித்தாவின் மரமேடையில் ஒருகணம் நின்று கீழே நோக்குவார்களாக.